படிக்காமல் போட்ட ஐந்து கையெழுத்துகள்

ஹெல்கா அம்மா வீட்டு மேசை மேல் அது திறந்தபடி கிடந்தது. வழவழப்பான தாளில் அச்சடித்த பத்துப் பன்னிரண்டு பக்கப் புத்தகம். ஜெர்மனியிலுள்ள அவருடைய ஊரிலிருந்து ஒரு சிநேகிதி தபாலில் அனுப்பியிருந்தாராம். எல்லாம் ஜெர்மன் மொழி.

மதியம் மூன்று மணி இருக்கும். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி விஷயமாகப் பேசப் போயிருந்தேன். எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"டீச்சர், இது உங்க ஸ்கூல் பொண்ணா?"

தேன்மொழி. மூன்றாம் வகுப்பு. பின்னால் எங்கள் பள்ளிக்கூடத்து நீலச் சுவர். படத்தின் ஓரத்தில் அரக்கு நிறத்தில் ஒரு புடவைத் தலைப்பு. அது என்னுடையது.

கீழே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"அம்மா இல்லை. அப்பா இல்லை. யாரும் இல்லை. இந்தக் குழந்தைக்கு ஒரு வீடு வேணும்."

அன்று காலையில்தான் தேன்மொழியின் அம்மா அஞ்சலையைப் பார்த்திருந்தேன். தலையில் புல்லுக்கட்டோடு வந்தவள் ரோட்டோரம் நின்று, விடுதிக்குப் போன பாப்பாவிடமிருந்து லெட்டர் ஏதாவது வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி என்று போய்விட்டாள்.

சிநேகிதிக்கும் அவர் கணவருக்கும் பிள்ளை இல்லையாம். இந்தக் குழந்தையைத் தத்து எடுக்கலாம் என்றிருக்கிறார்களாம். காகிதமெல்லாம் தயாராக இருக்கிறதாம். நீ அந்த ஊரில்தானே இருக்கிறாய், விசாரித்துச் சொல் என்று எழுதியிருந்தாராம்.

எலுமிச்சைச் சாற்றை நான் குடிக்கவில்லை. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஸ்வெட்டர் வந்த சித்திரை

இந்தத் தொடரில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். உதவி செய்ய வந்தவர்கள் எல்லோருமே நல்லவர்களா என்று. இத்தனை வாரமாக நான் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்த அத்தியாயம் இதுதான்.

அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரியும் மண் ரோட்டில் எங்கள் தொடக்கப் பள்ளி. இரண்டு ஆசிரியர்கள். நான் தலைமையாசிரியை. பௌர்ணமி அன்று பாதிப் பிள்ளைகள் வராது. அப்பா அம்மாவோடு பாதையில் கடை போட்டு உட்கார்ந்திருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹெல்கா அம்மா எங்களைத் தேடி வந்தார். அவரும் அவர் ஊர் நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை வைத்திருந்தார்கள். ஓடு மாற்றித் தந்தார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டித் தந்தார்கள். அதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் காட்டுப் பக்கம்தான் போகும்.

வேடிக்கையும் நடந்தது. ஒரு சித்திரை மாதம் மூட்டை மூட்டையாகக் கம்பளி ஸ்வெட்டர் வந்தது. மலையிலிருந்து அனல் அடிக்கிற காலம். பிள்ளைகள் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டோம் என்றுவிட்டன. மூக்கு நுனியில் வேர்வை சொட்டச் சொட்ட வாய்ப்பாடு சொல்லின. இன்னொரு முறை பற்பசை வந்தது. இனிப்பாக இருக்கிறது என்று மூன்று பேர் தின்றே தீர்த்துவிட்டார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை ஹெல்கா அம்மா போட்டோ எடுப்பார். பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்பதற்காக நாக்கை நீட்டிக் காட்டுவார். சிரித்த படம்தான் அவர் ஊருக்குப் போகும்.

அவர் எந்தக் காகிதம் கொண்டுவந்தாலும் தமிழில் டைப் அடித்து வைத்திருப்பார். நான் படித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். அவசரப்படுத்தியதே இல்லை. சில வருஷங்களில் எனக்கே ஒரு மெத்தனம் வந்துவிட்டது. உதவி என்று யார் வந்தாலும் உடனே நாற்காலி போடச் சொல்வேன்.

ரிப்பனை அவிழ்த்தவர்

அப்படித்தான் அந்த மனிதருக்கும் நாற்காலி போட்டேன்.

வெள்ளை வேனில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஏழைப் பெண் குழந்தைகளுக்கு விடுதி நடத்தும் ஒரு டிரஸ்டின் செக்ரட்டரி என்று சொன்னார். இங்கிலீஷ் மீடியம், மூன்று வேளைச் சாப்பாடு, பத்தாவது வரைக்கும் அவர்கள் பொறுப்பு. அப்பா இல்லாத பெண் பிள்ளைகளாக ஐந்து பேரைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன்.

அவரும் போட்டோ எடுத்தார். தேன்மொழி அன்று சிவப்பு ரிப்பன் வைத்துப் பின்னிக்கொண்டு வந்திருந்தாள். கேமராவைப் பார்த்ததும் வழக்கம்போலப் பல்லைக் காட்டினாள். சிரிக்கக் கூடாது என்றார். பிறகு கிட்டே போய் அவர் கையாலேயே ரிப்பனை அவிழ்த்து, முடியைக் கலைத்துவிட்டார். அவள் முகம் சுருங்கிப் போனது. அப்போது எடுத்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னவோ போல இருந்தது. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஐந்து தாள்களை என் மேசையில் வைத்தார். எல்லாம் இங்கிலீஷ். பெயர் எழுத வேண்டிய இடமெல்லாம் காலி.

"பேரு, வயசெல்லாம் நாங்க டைப் அடிச்சிக்கிறோம் டீச்சர். நீங்க சீல் வெச்சி கையெழுத்து போட்டா போதும்."

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். அவர் எதிரில் அப்படி உதட்டை அசைத்துப் படிக்க வெட்கமாக இருந்தது. படிப்பதுபோல ஒரு பார்வை பார்த்தேன். ஐந்திலும் கையெழுத்துப் போட்டு ஊதா மையில் சீல் வைத்தேன்.

மற்ற நான்கு வீட்டிலும் பிறகு மறுத்துவிட்டார்கள். பொட்டைப் பிள்ளையைக் கண்காணாத இடத்துக்கு அனுப்ப முடியாது என்றார்கள். அஞ்சலைதான் யோசித்தாள். அவள் புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், நாலு வருஷமாகத் தகவல் இல்லை. அவளுக்குக் களை எடுக்கிற வேலை, பௌர்ணமிக்கு வேகவைத்த கடலை வியாபாரம்.

"நீங்க இன்னா சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

நல்ல இடம்தான் என்றேன். நம்பி அவளும் ஒரு தாளில் கைநாட்டு வைத்தாள். அவள் வைத்ததற்கும் நான் போட்டதற்கும் என்ன வித்தியாசம் என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். அவ்வளவுதான்.

தேன்மொழி போகும்போது பள்ளிக்கூட விலாசம் எழுதி ஐந்து போஸ்ட் கார்டு கொடுத்தனுப்பினேன். மாதம் ஒன்று போடச் சொன்னேன். மூன்று மாதம் ஆகியும் ஒன்று கூட வரவில்லை. செக்ரட்டரி கொடுத்த விலாசச் சீட்டிலிருந்த நம்பருக்கு ஒரு முறை போன் செய்தேன். பிள்ளை புது இடத்தில் பழகட்டும், வீட்டு ஞாபகம் வந்தால் அழும் என்றார். மீதி நான்கு தாளை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் பஸ்

ஹெல்கா அம்மா வீட்டிலிருந்து வந்த அன்று ராத்திரியே எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர், காகிதத்தின் கனம் தெரிந்தவர்.

"அதுல உன் சீல் இருக்குது. மொதல்ல உன்னைத்தான் புடிப்பாங்க. நீ போவாத. போலீஸ்லயும் சொல்லாத. பேசாம இரு," என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது. வேலை போய்விடும் என்று பயந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டது. அந்தக் குழந்தையை ஏற்கனவே எங்காவது அனுப்பிவிட்டிருந்தால்? நாளைக்கு அஞ்சலை அதே இடத்தில் நின்று லெட்டர் வந்ததா என்று கேட்டால், நான் என்ன சொல்வேன்?

விடிவதற்குள் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். பாப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம் வா என்று மட்டும் சொன்னேன். முழுவதையும் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம். கடலை கொஞ்சம் வேகவைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். நான் என் கைப்பையில் பள்ளிக்கூட சீல் கட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். யார் என்று கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

முதல் பஸ்ஸில் வேலூர் போய், பஸ் மாறி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஓர் ஊர். பெயர் வேண்டாம். வழியெல்லாம் அஞ்சலை பேசிக்கொண்டே வந்தாள். பாப்பா இங்கிலீஷ் பேசுமா, தன்னிடம் பேசினால் தனக்குப் புரியுமா என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தெரியாது"

ஊரைத் தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு மாடி வீடு. உயரமான காம்பவுண்டு. போர்டு எதுவும் இல்லை. வாட்ச்மேன் எங்களை உள்ளே விட்டுவிட்டுக் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். அந்தச் சத்தம் கேட்டபோதுதான், நாங்கள் இங்கே வந்திருப்பது என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது உறைத்தது.

உள்ளே பினாயில் வாசனை. நாற்பது பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். அத்தனை பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தமே இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். அப்படி ஓர் அமைதியை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

வார்டன் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. அஞ்சலையைக் காட்டி இது தேன்மொழியின் அம்மா என்றதும் அந்த மலர்ச்சி போய்விட்டது. அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

"யாருமில்லைனு நீங்கதான டீச்சர் எழுதிக் குடுத்திருக்கீங்க?"

எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த முறை வெட்கப்படவில்லை. அநாதை என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியும். தாயார் பெயருக்கு எதிரே அஞ்சலை என்றும், அதற்கு முன்னால் 'லேட்' என்றும் இருந்தது. இறந்த தேதிகூடப் போட்டிருந்தது. அடியில் என் கையெழுத்து, என் சீல்.

அடுத்த தாளைத் திருப்பினேன். அதிலும் என் கையெழுத்து. ஆனால் ஒட்டியிருந்த படம் நான் பார்த்தே இராத ஒரு பெண் குழந்தை. அதற்கடுத்ததும் அப்படியே. நான்கு தாள், நான்கு முகம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படிக்காத நான்கு குழந்தைகளை, அப்பா அம்மா செத்துப்போனவர்கள் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஃபைலை மூடினேன்.

பக்கத்தில் நின்ற அஞ்சலை தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வார்டன் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

தேன்மொழியை அழைத்து வந்தார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

இது யார் என்று வார்டன் கேட்டார்.

பிள்ளை முதலில் வார்டன் முகத்தைப் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னது.

"தெரியாது. எனக்கு யாரும் இல்ல."

சொல்லும்போதே அவள் காலில் மூத்திரம் இறங்கியது. பாவாடை நனைந்து தரையில் ஓடியது. அவள் அசையவில்லை. நாங்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம் என்பதுபோல நின்றாள்.

அஞ்சலை கத்தவில்லை. என் பிள்ளை என்று மாரில் அடித்துக்கொள்ளவும் இல்லை. போய் உட்கார்ந்து, முந்தானையால் அவள் கால்களைத் துடைத்தாள். பிறகு தரையைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும், "தெரியாட்டி போவட்டும். வா, போலாம்," என்றாள். பிள்ளையின் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் நிற்கவே இல்லை.

வார்டன் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"செக்ரட்டரி சாயங்காலம் வந்துடுவாரு. அதுக்குள்ள கூட்டிட்டு போயிடுங்க. எனக்கு மட்டும் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு போங்க. நானும் சம்பளத்துக்கு இருக்கறவதான்."

நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். தமிழில் எழுதினேன். தேன்மொழிக்குத் தாய் உயிரோடு இருக்கிறாள், அவளிடமே ஒப்படைக்கப்பட்டாள். என் கையெழுத்தோடு உள்ள ஐந்து சான்றும் பொய். பெயர் நிரப்பாத தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் குற்றம். அடியில் கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்தேன். இந்தத் தாள் ஒன்றே என்னை வேலையை விட்டு அனுப்பப் போதும் என்று தெரிந்துதான் வைத்தேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வார்டன் சொல்லி வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான், பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். தூரத்தில் ஒரு வெள்ளை வேன் வந்தது. அஞ்சலை சட்டென்று பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். நான் ரோட்டிலேயே நின்றேன். வேன் கிட்டே வந்தது. முன்னால் மாவிலை கட்டியிருந்தது. ஏதோ கல்யாண வேன்.

எப்போது செத்தேன்?

வேலூர் தாண்டி, கண்ணமங்கலம் வரும் வரை அஞ்சலை ஒரு வார்த்தை பேசவில்லை. தேன்மொழி அவள் மடியில் படுத்திருந்தாள். தூங்கவில்லை. கண்ணைத் திறந்தபடியே இருந்தாள். கடலைப் பை அப்படியே இருந்தது.

"அந்தப் பேப்பர்ல நான் செத்துட்டேன்னு போட்டிருந்துதா டீச்சர்?"

ஆமாம் என்றேன்.

"எப்ப செத்தேன்னு போட்டிருந்துது?"

தேதி எனக்கு நினைவிருந்தது. சொன்னேன். அஞ்சலை விரல் விட்டு மாதங்களை எண்ணினாள்.

"அப்ப நான் நாத்து நட்டுட்டு இருந்தேன்," என்றாள்.

அதற்குப் பிறகு போளூர், கலசபாக்கம் எல்லாம் வந்தது, போனது. மலை தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுதான் இருப்பேன். ஆனால் என்ன வார்த்தை சொன்னேன் என்பது நினைவில் இல்லை. அவள் பதில் சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஹெல்கா அம்மா தன் சிநேகிதிக்கு நடந்ததை எழுதினார். அவரும் நானும் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தோம். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. கண்டித்து ஒரு உத்தரவு வந்தது, அது இன்றும் என் பணிப் பதிவேட்டில் இருக்கும்.

சில மாதம் கழித்து விடுதியை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த நான்கு குழந்தைகளில் இரண்டு பேருடைய பெற்றோரைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். மற்ற இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். பல முறை போய்க் கேட்டேன். ஃபைல் வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டது என்றார்கள். அந்த இரண்டு முகமும் எனக்கு இன்றும் தெரியும். ஒருத்திக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. இப்போது பெரிய பெண்ணாக இருப்பாள். எங்கே என்றுதான் தெரியாது.

ஜூன்

அஞ்சலை தேன்மொழியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. களை எடுக்கப் போனாலும் கூடவே கூட்டிப் போனாள். நான் இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் பிள்ளை என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டது. அதற்கு மேல் நான் போகவில்லை. என்னைப் பார்த்து ஒரு குழந்தை பயப்படுகிறது என்பது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அறியாத ஒன்று.

பள்ளிக்கூடம் திறந்து முதல் வாரம். சேர்க்கைக்குக் கூட்டமாக இருந்தது. எல்லோரும் போன பிறகு அஞ்சலை வந்தாள். மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். தேன்மொழிக்கு முடி காது வரை வளர்ந்திருந்தது.

"வாங்க அஞ்சலை," என்றேன். அதற்கு முன்னால் ஒரு நாளும் அவளை நான் வாங்க என்று சொன்னதில்லை.

"டவுன் ஸ்கூல்ல சேக்கலாம்னு பாத்தேன். தூரம். அதான் வந்தேன்," என்றாள். "ஆனா ஒண்ணு டீச்சர். எதுல கையெழுத்து போட்டாலும் எனக்குப் படிச்சிக் காட்டிட்டு போடுங்க."

விண்ணப்பத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். பள்ளியின் பெயர், ஊர், ஒன்றியம், எல்லாம். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அந்த விண்ணப்பத்தில் தகப்பனார் அல்லது காப்பாளர் பெயருக்குத்தான் இடம் இருந்தது. தாயார் பெயருக்கு இடமே இல்லை. அந்தக் கோட்டுக்கு மேலே, கட்டத்துக்கு வெளியே, பேனாவை அழுத்தி எழுதினேன்.

"தாயார் பெயர், அஞ்சலை," என்று படித்தேன்.

"இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்.

அதற்குப் பிறகுதான் மகளின் கையை விட்டாள்.